எல்லைக்கல் நகரும் காலம்

சேலத்திலிருந்து கோரிமேட்டைக் கடந்து வடக்கே போகும் சாலை சேர்வராயன் மலையின் காலடியை எட்டும் இடத்தை அடிவாரம் என்றே அழைக்கிறோம். அங்கிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கோடையில் ஊரெல்லாம் அந்த வழியே மேலேறுகிறது. மலைக் கிராமத்தாருக்கோ அது கீழிறங்கும் வழி. சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அவர்கள் அப்படித்தான் இறங்கி வந்திருக்கிறார்கள். கண் மங்கிய முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்ததும் இதே வழியில்தான். பார்வையின் வரலாற்றை நகரத்து மருத்துவமனைகளின் திறப்பு விழாக் கல்லிலிருந்து எழுதுவது நம் வழக்கம். மலையடியில் நின்று படித்தால் அதே வரலாறு வேறொரு வேகத்தில் நகர்வது தெரியும்.

மூளையிலும் விழித்திரையிலும் அழிந்துபோன நரம்புச் செல்களை மீண்டும் உண்டாக்கும் ஆராய்ச்சி பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. சுண்டெலியின் பார்வை நரம்பு மறுபடி வளர்ந்தது, ஆய்வகத் தட்டில் விழித்திரை முளைத்தது என்று படிக்கிறோம். செய்தி அடிவாரத்துக்கும் அன்றைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. கண் அழுத்த நோயால் ஒரு கண்ணை இழந்தவர், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இது நமக்கு எப்போது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முற்படுவோர் வருங்காலத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த மண்ணில் கண் மருத்துவத்துக்கு இருநூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவம் ஆண்டுக் கணக்குச் சொல்லாது. காரியங்கள் எந்த ஒழுங்கில் நடந்திருக்கின்றன என்பதைச் சொல்லும்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த 1820களை எண்ணிப் பாருங்கள். அன்று புரை விழுந்த கண்ணுக்கு நாட்டுப்புறத்தில் கிடைத்த ஒரே அறுவை, ஊர் ஊராகச் சுற்றிய கண் வைத்தியரின் ஊசி. சுசுருதர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த முறை அது. மங்கிய வில்லையை வெளியே எடுக்காமல் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். ஒளி புகும், நோயாளி விரல்களை எண்ணிக் காட்டுவார், கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சீழ் பிடிப்பதும் அழுத்தம் ஏறிக் கண் அடியோடு அவிவதும் அவர் போன பிறகு நடக்கும். அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் நோயாளிகளின் கண்களை ஓவியமாகத் தீட்டச் செய்து, சிகிச்சைக் குறிப்புகளையும் எழுதி வைத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. சென்னை ராயப்பேட்டையில் 1819இல் ஒரு கண் மருத்துவமனை தொடங்கியது. 1884இல் எழும்பூருக்கு மாறிய அது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று சொல்லப்படுகிறது. ஆக, அந்த ஒரு தலைமுறைக்குள் மூன்றுவகை மனிதர் இருந்தார்கள்: நம்பிக்கையை விற்றுவிட்டு நகர்ந்தவர், நடந்ததைப் பதிந்து வைத்தவர், நிலையாக ஓரிடத்தில் இருந்து பொறுப்பேற்றவர். இந்த மூவரும் பின்னர் ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

எழும்பூரில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், ஊசி வைத்தியத்தின் விளைவுகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அவர் பெயர் நிலைத்ததோ வேறொன்றால். கண் அழுத்த நோயில், வெள்ளை விழியும் கருவிழியும் கூடும் இடத்தில் சிறு துளையிட்டு உள்ளே தேங்கிய நீருக்கு வடிகால் அமைக்கும் அறுவையை அவர் 1909இல் வெளியிட்டார். உலகம் அதைச் சென்னையிலிருந்து கற்றுக்கொண்டது. அதன் வெற்றியிலேயே அதன் எல்லையும் இருந்தது. அழுத்தம் குறைந்தால் எஞ்சிய நரம்பு பிழைக்கும். அழிந்த நரம்பு அழிந்ததுதான். பிறகு அதே எழும்பூரில், மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் நாட்டின் முதல் கண் வங்கியை நிறுவினார். 1948இல் கருவிழி மாற்று அறுவையிலும் வெற்றி கண்டார். தன் கண்ணை அகழ்ந்து அப்பிய கண்ணப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், கண்ணைக் கொடுப்பது ஒருவழியாக மருத்துவமாகவும் ஆயிற்று. எனினும் கண் வங்கியில் பிறருக்குப் பயன்படுவது முன்புறத்துக் கருவிழிதான். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் உள்ளன. ஒருமுறை அறுபட்டால் அவை தாமாக ஒட்டுவதில்லை. 2023இல் நியூயார்க்கில் முழுக் கண்ணையே ஒருவருக்குப் பொருத்தினார்கள். இரத்தம் ஓடியது, கண் உயிரோடு இருந்தது, பார்க்கவில்லை. கண்ணின் முன்வாசலிலிருந்து உள்ளே உள்ளே போன மருத்துவம், இறுதியில் இந்த நரம்பின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

அந்த வாசலில் எல்லைக்கல் நட்டவர் ஒரு மாமேதை. வெள்ளி உப்பில் சாயமேற்றிய மெல்லிய சீவல்களைப் பார்த்து, மூளையும் விழித்திரையும் தனித்தனி நரம்புச் செல்களால் ஆனவை என்று நிறுவியவர் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால். அதற்காக 1906இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். நரம்புகளின் சிதைவும் மீட்சியும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1913–14இல் வெளிவந்தது. கை கால்களில் ஓடும் நரம்பு அறுபட்டால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரக்கூடியது; வளர்ந்த உயிரின் மூளையிலும் தண்டுவடத்திலுமோ துளிர்க்கத் தொடங்கும் இழை சற்று தூரத்திலேயே முடங்கிவிடுகிறது. அதைத் தன் கண்ணாலேயே கண்டவர், மைய நரம்புகளில் சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்ற தீர்ப்பை எழுதினார். எதிர்கால அறிவியல் முடிந்தால் இந்தக் கடுமையான விதியை மாற்றட்டும் என்ற விருப்பத்தையும் அதே இடத்தில் பதிந்தார். வாரிசுகள் தீர்ப்பை மனப்பாடம் செய்துகொண்டார்கள்; விருப்பத்தை மறந்துவிட்டார்கள். பெரியவர்களின் சொத்துக்கு நேரும் பழைய கதிதான் இது.

அந்த 1914ஆம் ஆண்டில்தான், சேலத்துக்குத் தென்கிழக்கே கொல்லிமலையில், ஜெஸ்ஸி–எவ்லின் பிராண்ட் என்ற ஊழியத் தம்பதிக்குப் பால் பிராண்ட் பிறந்தார். தந்தை 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றால் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் மருத்துவம் படித்த மகன் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல் உதிர்வதற்குக் காரணம் சதை அழுகல் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நரம்பு செத்து வலி போனதால், நோயாளி அறியாமலே சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இழப்பதே பெரும்பகுதி என்று அவர் கண்டார். அந்த நரம்பைத் திருப்பித் தர அவரால் முடியவில்லை. நரம்பு உயிரோடிருந்த வேறொரு தசையின் நாணை எடுத்து, மடங்கிப்போன விரலில் இணைத்தார். முன்பு வேறு வேலை செய்த தசையைக் கொண்டு விரலை அசைக்க நோயாளியின் மூளை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது, பயிற்சியால் கற்றது. அதே வேலூரில், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் மறுவாழ்வு நிலையம் ஒன்றையும் உருவாக்கினார். கஹாலின் தீர்ப்பை அவர்கள் யாரும் மறுக்கவில்லை. அதற்கு உட்பட்டே எத்தனை தூரம் போகலாம் என்று பார்த்தார்கள். மீட்க முடியாததற்கு முன்னால் மனிதர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதில், கொல்லிமலைக்கும் வேலூருக்கும் இடையே நமக்கு ஒரு மரபு உண்டு.

எல்லைக்கல் ஆடத் தொடங்கியதோ எவரும் கவனிக்காத மூலையில். 1962இல் ஜோசப் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பதற்குத் தடயம் இருப்பதாக எழுதினார். நெடுங்காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1980களில் பாடும் கேனரிப் பறவையின் மூளையில் அதுவே தெரிந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். 1998இல் மனித மூளையிலும், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில், புதுச் செல்களைக் கண்டதாக அறிவிப்பு வந்தது. 2018இல், ஒரே ஆண்டில், பெரியவர் மூளையில் அப்படி எதுவும் பிறப்பதில்லை என்று ஒரு குழுவும் முதுமை வரை பிறக்கின்றன என்று இன்னொரு குழுவும் எழுதின. 2025இல் சுவீடன் ஆய்வாளர்கள் அத்தகைய செல்களின் முன்னோடிகளைப் பெரியவர்களிடம் கண்டதாக மறுபடியும் சொன்னார்கள். அறுபதாண்டு வழக்கு, இன்னும் முழுதாக முடியவில்லை. மருத்துவத்தில் பெரிய உண்மைகள் ஒரே காலையில் விடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதனினும் ஆழமான திருப்பம் 1981இல் மான்ட்ரியாலில் நிகழ்ந்தது. எலியின் மைய நரம்புப் பாதையில், காலிலிருந்து எடுத்த புறநரம்புத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தார் ஆல்பர்ட் அகுவாயோ. வளராது என்று தீர்ப்பெழுதப்பட்ட மைய நரம்பிழைகள் அந்தப் பாலத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன. ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, கொழுகொம்பு இல்லாத இடத்தில் தரையில் கிடந்து வீணாகும். அதுபோலத்தான் நரம்பும் கிடந்தது, உயிர் போகாமல். குறையில் பெரும்பங்கு சூழலில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் மைய நரம்புகளின் உறையிலேயே இருப்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. 2008இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், பிடென் என்ற ஒரே மரபணுவை அணைத்து, எலியின் நசுக்கப்பட்ட பார்வை நரம்பை மறுபடி துளிர்க்க வைத்தார்கள். ஆக, தடை வெளியே மட்டும் இல்லை, செல்லின் உள்ளேயும் இருந்திருக்கிறது. 2020இல் ஹார்வர்டில், முதிர்ந்த செல்லின் இளமையைத் திருப்பும் மூன்று மரபணுக்களைச் செலுத்தி, கண் அழுத்தம் தாக்கிய எலிகளின் பார்வையை ஓரளவு மீட்டார்கள்.

இயற்கையோ இந்த வித்தையை முன்பே தெரிந்து வைத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800–01இல் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், பின்னாளில் வங்கத்து ஆற்று மீன்களையும் ஆராய்ந்தார். 1822இல் அவர் விவரித்த மீன்களில் ஒன்று, விரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடுகள் ஓடும் சிறுமீன். வரிக்குதிரை மீன் என்று இன்று உலக ஆய்வகங்கள் கொண்டாடுவது அதைத்தான். அதன் விழித்திரை சிதைந்தால், அங்கே தாங்கு செல்களாக இருக்கும் முல்லர் செல்கள் பின்னோக்கி இளமையாகி, பெருகி, புதிய நரம்புச் செல்களைத் தருகின்றன. அதே முல்லர் செல்கள் நம் கண்ணிலும் உள்ளன. அவை தழும்பாவதோடு நின்றுவிடுகின்றன. 2017இல் எலியின் முல்லர் செல்களைத் தூண்டிச் சில நரம்புச் செல்களை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆனால் நரம்பு வளர்ந்துவிட்டால் போதுமா? 1940களில் ரோஜர் ஸ்பெர்ரி தவளைகளின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பார்வை நரம்பு மறுபடி வளர்ந்து மூளையில் தன் பழைய இடங்களையே தேடிச் சேர்ந்தது. மேலே பறந்த பூச்சிக்குத் தவளை கீழே பாய்ந்தது. அந்தப் பிழையை அது திருத்திக்கொள்ளவே இல்லை. முளைப்பதும் உரிய இடம் சேர்வதும் சேர்ந்த இடத்தில் பொருள்படுவதும் மூன்று வெவ்வேறு காரியங்கள். இவற்றில் முதற்காரியத்தின் தொடக்கத்தில்தான், அதுவும் எலிகளில்தான், நாம் நிற்கிறோம்.

மனிதரிடம் இதுவரை நடந்திருப்பது இன்னும் அடக்கமானது. ஷின்யா யமனாகா 2006இல் கண்ட வழியில், உடலின் சாதாரணச் செல்லைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பலாம். அப்படி உருவாக்கிய செல்களை மசயோ தகஹாஷியின் குழு 2014இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் விழித்திரைக்கு அடியில் வைத்தது. இந்தியாவில் பெங்களூரின் ஐஸ்டெம் நிறுவனம், முதுமையில் நடுப்பார்வை தேயும் நோய்க்கு இதையொத்த செல்களை மனிதரில் சோதிக்க 2024இல் அனுமதி பெற்றது. இவை விழித்திரையின் நரம்புச் செல்களுக்கு ஊட்டமளிக்கும் நிறமிப் படலத்துச் செல்கள். நரம்புச் செல்கள் அல்ல. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் குட்டி விழித்திரைகளைத் தட்டில் வளர்த்து ஆராய்கிறார்கள். சென்னை ஐஐடி, கருவிலுள்ள மனித மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகம் பார்க்கத் திறந்து வைத்தது. எதை எங்கே இணைக்க வேண்டும் என்று வருங்காலத்தவர் தேடும்போது இந்த வரைபடம் உதவும். கண்களை ஓவியமாக்கி வைத்த சரபோஜியின் வழியில் வந்த வேலை இது; பயன் கைக்கு வருமுன் பதிந்து வைப்பவர்களின் வேலை.

நம்பிக்கையை விற்றுவிட்டு நகர்பவரும் வராமல் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், நோயாளியின் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லி இரு கண்களிலும் ஊசி போட்ட ஒரு கிளினிக்கால், மூன்று மூதாட்டிகள் இருந்த பார்வையையும் இழந்த செய்தி 2017இல் வெளிவந்தது. பணமும் கட்டியிருந்தார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது: இரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை நீங்கலாக, ஸ்டெம் செல்லை மனிதருக்குச் செலுத்துவது அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம், சோதனையில் சேர்பவரிடம் காசு கேட்கக் கூடாது. காசு கேட்கும் இடத்தில் சோதனை இல்லை, வியாபாரம் இருக்கிறது என்பதை அடிவாரத்துக் குடும்பம் ஒன்று அறிந்துகொள்ள இவ்வளவே போதும். விரல்களை எண்ணச் சொல்லிக் கூலி வாங்கியவர் ஊசியை மாற்றியிருக்கிறார், நடையை மாற்றவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்: நமக்கு எப்போது? புரையான வில்லையை வெளியே எடுக்கும் முறையை பிரான்சில் ஜாக் தாவியேல் 1740களில் செய்தார். அதற்குப் பின் நெடுங்காலம் நம் ஊர்களில் ஊசியே ஆண்டது. செயற்கை வில்லையை லண்டனில் ஹரோல்டு ரிட்லி 1949இல் பொருத்தினார். அது ஏழைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது, 1992இல் மதுரை ஆரோலேப் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான். இடையில் 43 ஆண்டுகள். கண்டுபிடிப்பு ஆய்வகத்தில் முடிந்தாலும், ஊருக்கு வர அதற்கு இன்னொரு வகை மேதைமை வேண்டியிருந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கையோடு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்த கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் கண் முகாம், கிராமத்தாரை ஏற்றிச் செல்லும் பேருந்து, இலவச அறுவை, கட்டோடு ஊர் திரும்பும் பாட்டிகள் என்று தமிழ்நாடு பழகிப்போன காட்சிகள் அத்தகையோரின் கொடை. நரம்பு மீட்பும் வந்தால் இதே இரண்டு படிகளில்தான் வரும். முதற்படியை ஏறவே இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். அடுத்த படியைப் பற்றி இப்போதே யோசிப்பவர் குறைவு.

அதுவரை நமக்கு வேலையில்லை என்று எண்ணத் தேவையில்லை. இன்று பேசப்படும் மீட்பு முறைகளில் பலவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும். பார்வை நரம்பின் இழையைத் துளிர்க்க வைக்க, அந்த இழையைத் தாங்கும் செல் விழித்திரையில் உயிரோடு இருக்க வேண்டும். நிறமிப் படலத்தை மாற்றினால் பயன்பட, அதன்மேல் ஒளியுணரும் செல்கள் சாகாமல் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் ஆண்டுக்கொரு முறை கண்ணில் சொட்டு மருந்திட்டு விழித்திரையைக் காட்டிக்கொள்வதும், கண் அழுத்தம் உள்ளவர் வலி இல்லை என்பதற்காகச் சொட்டு மருந்தை நிறுத்தாமல் இருப்பதும், மலைக் கிராமத்துக்கு அந்தப் பரிசோதனை தவறாமல் போய்ச் சேர்வதும், எலியட்டின் துளையைப் போல, எஞ்சியதைக் காக்கும் காரியங்கள். ஆய்வகத்தின் பெருங்கனவுக்கு முன்னால் இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கனவு ஒருநாள் மலையடிக்கு வரும்போது, அது முளைக்க இடம் இருக்குமா என்பதை இந்த அற்பக் காரியங்களே தீர்மானிக்கும்.

நம் முன்னோர் எவரும் முழுமையான ஒன்றை நமக்குத் தரவில்லை. எலியட் பாதி நோயைத் தடுத்தார். முத்தையா கண்ணின் முன்புறத்தைத் தந்தார். பிராண்ட் நரம்பைத் திருப்பாமல் விரலைத் திருப்பினார். ஆல்ட்மன் நம்பப்படாத ஓர் உண்மையை விட்டுச் சென்றார். அந்த அரைகுறைச் சொத்துக்களின் கூட்டுத்தொகையில்தான் இன்று நம்மில் பலர் இந்த எழுத்தைப் படிக்கிறோம். நம் தலைமுறையும் அடுத்தவருக்கு அரைகுறையாகத்தான் எதையோ தந்துவிட்டுப் போகும். தரும்போது பொய்யான நம்பிக்கையைக் கலக்காமல், காக்கக்கூடிய கண்களைக் கைவிடாமல் தந்தோமானால், வாரிசுகள் என்ற பெயருக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்தவர்கள் ஆவோம்.